பெரிய சாமியின் வாய்

மாசி 17, சனிக்கிழமை. கர்த்தர் அவதரித்த 1713ஆம் வருஷம்

மேற்றிராணியார் வந்து சேர்ந்தார். மூன்று மாதமாக நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த போர்த்துகீசு வரவேற்பு உரையில் முதல் வாக்கியம் முடிவதற்குள் அவர் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் வாந்தி எடுத்தார். நான் நிறுத்தவில்லை. பாடுபட்டுக் கற்றதை ஒரு வாந்திக்காக விட்டுவிட முடியுமா. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது நான் ஏழாவது வாக்கியத்தில் அவரை விடிவெள்ளி என்று அழைத்துக்கொண்டிருந்தேன்.

சாமியார்களுக்கெல்லாம் தலைவரான ஒரு மேற்றிராணியார் தாழந்துறைக்கு வருவது முப்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. எங்கள் பங்குச் சாமியார் காய்ச்சலில் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு பூசையும் இல்லை, பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கப் பாவசங்கீர்த்தனமும் இல்லை. ஜெபம் சொல்ல, பிணம் புதைக்க, அவசரத்துக்குப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்ற, எல்லாவற்றுக்கும் உபதேசியாராகிய இஞ்ஞாசி மச்சாது என்ற நான்தான். ஊரே என்னை நம்பித்தான் மோட்சத்துக்குக் காத்திருந்தது என்று சொல்லலாம். இரண்டு மூன்று இடத்தில் சொல்லியும் இருக்கிறேன்.

இவர் பெயர் தோம் பல்தசார். வயது அறுபத்து நான்கு. இரண்டு காலிலும் வாதம். ஊரார் 'பெரிய சாமி' என்கிறார்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இந்த ஊரில் போர்த்துகீசு தெரிந்தவன் நான் ஒருவன். ஆகவே உயிர்ப்புத் திருநாள் முடிந்து அவர் கப்பலேறும்வரை அவருடைய வாயும் காதும் நானே.

பயண விவரமும் தம்முடைய ஜீவிய சரித்திரமும் எழுத எனக்கு ஒரு காகித ஏடு கொடுத்தார். பிழை வந்தால் மாற்றி எழுத இன்னொன்று வேண்டும் என்றேன். அந்த இன்னொன்றுதான் இது. எனக்குப் பிழை வராது.

மாசி 18, ஞாயிறு

பூசை. பெரிய சாமி தபசைப் பற்றி நாலு வாக்கியம் பேசினார். நான் அதைத் தமிழில் கால் நாழிகை சொன்னேன். நரகத்தின் வெக்கையை அவர் சொல்லவில்லை, நான் சேர்த்தேன். நடுவில் ஊர்த்தலைவராகிய பட்டங்கட்டியின் குறட்டையைப் பற்றி ஒரு கேலியும் சேர்த்தேன். சனங்கள் சிரித்தார்கள். பெரிய சாமி திரும்பிப் பார்த்து, "நான் தபசைப் பற்றித்தானே சொன்னேன்?" என்றார். தமிழில் தபசு கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

வெளியே வந்ததும் பட்டங்கட்டி என் தோளைத் தட்டினார். ஊர்த்தலைவர் தட்டினால் தோள் இரண்டு நாள் வலிக்கும். "ஓய், நீரு இப்ப உபதேசியாரு இல்ல, பெரிய சாமியோட வாயி" என்றார். எனக்கு ராஜமுடி வைத்த மாதிரி இருந்தது.

கோவில் வேலிக்கு வெளியே வழக்கமாக நிற்கிற ஆள் இன்றும் நின்றிருந்தார். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மாசி 21, சாம்பல் புதன்

இன்று தொடங்கும் நாற்பது நாள் தபசுக்காலம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். செய்யாதவருக்கு நற்கருணை அப்பமாகிய நன்மை கிடையாது. கேட்கிற சாமிக்குத் தமிழ் தெரியாது என்றால் நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறதாம்.

ஏற்பாடு இதுதான். ஒரு பக்கம் நாற்காலியில் பெரிய சாமி. நடுவில் ஓலைத் தட்டி. அந்தப் பக்கம் பாவி. தட்டியின் ஓரத்தில், சுவரைப் பார்த்தபடி, தலைமேல் ஒரு கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு நான். துணி எதற்கு என்றால், வருகிறவர் முகம் எனக்குத் தெரியக் கூடாதாம். முந்நூறு பேர் ஊரில் இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். அதைப் பெரிய சாமியிடம் சொல்லவில்லை.

நற்கருணைப் பேழை முன்னால் என்னைச் சத்தியம் செய்ய வைத்தார். தட்டிக்குள் கேட்டதைச் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது, சைகை காட்டக் கூடாது. கேட்ட விஷயத்தால் அந்த ஆளிடம் என் முகம் மாறினால்கூட அது பெரும் பாவம். "உன் முகத்தை உன்னால் அடக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். பதினோரு வருஷம் உபதேசியாராக இருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது.

மாசி 23

துணிக்குள் காலையிலிருந்து மத்தியானம்வரை. ஒருவரும் வரவில்லை. எனக்கு வியர்க்குரு வந்ததுதான் மிச்சம்.

மாசி 24

இன்றும் இல்லை. சாயங்காலம் பட்டங்கட்டியிடம் போய் ஊர் ஏன் வரவில்லை என்று கேட்டேன். வலையைத் தைத்துக்கொண்டே சொன்னார். "உம்ம காதுல போடுததுக்குப் பதிலா கடக்கரையில நின்னு கூவிரலாம்ல. அது கொஞ்சம் மெதுவாவாவது பரவும்."

வீட்டுக்கு வந்து மதலேனாளிடம், நீயாவது முன்மாதிரியாக முதலில் வா என்றேன். என் மனைவி மீனை அரிந்துகொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை.

"பதினோரு வருசமா உங்கள்ட்ட சொல்லாதத, நீங்க துணியப் போட்டா சொல்லிருவேனா?"

என்ன சொல்லாதது என்று கேட்டேன். செதில் பறந்து என் கன்னத்தில் ஒட்டியதே ஒழிய பதில் வரவில்லை.

மாசி 27

வர ஆரம்பித்துவிட்டார்கள். என் சத்தியம் போதாது என்று பட்டங்கட்டி ஊர்க்கூட்டத்தில் ஒரு காரியம் செய்தாராம்: உபதேசியார் ஒரு வார்த்தை வெளியே விட்டால் அவர் தோணியைக் கொளுத்துவது என்று தீர்மானம். சத்தியத்தைவிட அது உதவியிருக்கிறது.

கேட்டதை எழுதக் கூடாது. கேட்காததை எழுதலாம் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் ஒரு ஏடு போதாது.

மாசி 30

சாயங்காலங்களில் பெரிய சாமி வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைத்துக்கொண்டு சரித்திரம் சொல்கிறார். நான் எழுதுகிறேன். அப்பா சாராயப் பீப்பாய் செய்கிறவர். பதினைந்து வயதில் மடத்தில் சேர்ந்திருக்கிறார், முக்கால்வாசி சாப்பாட்டுக்காக. இருபது வருஷம் பையன்களுக்கு இலத்தீன் இலக்கணம். ஐம்பதாவது வயதில் ராஜா இவரை மேற்றிராணியார் ஆக்கினார். "எனக்கு முன்னால் மூன்று பேரைக் கேட்டார்கள். மூன்று பேருக்கும் கப்பல் என்றால் பயம். எனக்கும் பயம்தான், ஆனால் சொல்ல வெட்கமாக இருந்தது."

ரோமாபுரியிலிருந்து உத்தரவு வர ஆறு வருஷம். அதுவரை கோவாவில் ஒரு சிறு அறையில், மேற்றிராணியாராகவும் இல்லாமல் சாதாரணச் சாமியாராகவும் இல்லாமல் இருந்தார். கடைசியில் பெரிய கோவிலுக்கு வந்து பார்த்தால் அரண்மனையில் மழை ஒழுகுகிறது. அங்கே இருந்த இரண்டு சாமியார்களுக்குள் பவனியில் குடையை யார் பிடிப்பது என்று ஒன்பது வருஷமாகச் சண்டை. தீர்த்து வைத்தீர்களா என்று கேட்டேன். "குடையை நானே பிடித்தேன். இருவரும் என்னோடு பேசுவதில்லை."

எட்டு வருஷம் இந்தத் தேசத்து ஆட்டுக்கு மேய்ப்பனாக இருந்தும் ஒரு ஆடு சொன்னதுகூட நேராகத் தமக்குப் புரிந்ததில்லை என்றார். அதைச் சரித்திரத்தில் எழுதவா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இன்னும் வேண்டாம் என்றார்.

தமிழ் கற்றுக்கொடு என்கிறார். பாவசங்கீர்த்தனக் கேள்விகள் மட்டும். முதல் கேள்வியை ஒரு மணிநேரம் சொல்லிக்கொடுத்தேன். "எத்தனை தடவை?" அவர் வாயில் அது கல் உரலில் உருள்வதுபோல வருகிறது. விடமாட்டேன் என்கிறார்.

பங்குனி 4

வேலிக்கு வெளியே நிற்கிற ஆள் பெரிய சாமியைப் பார்க்க வந்தார். இதற்குமேல் எழுதாமல் இருந்தால் சரித்திரம் எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவர் என் அண்ணன் லாசர்.

விஷயம் ஊருக்கே தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாதா சுரூபத்தின் வெள்ளிக் கிரீடம் களவு போனது. அண்ணன் எடுத்ததாகச் சாட்சி வந்தது. கோவில் சிலுவையாகிய குருசைப் பிடித்துச் சத்தியம் செய்த சாட்சி. அப்போதிருந்த மேற்றிராணியார் கடிதத்தினால் அவரைக் கோவிலுக்குப் புறம்பாக்கினார். ஊர் அவருக்கு நெருப்பும் தண்ணீரும் கொடுப்பதில்லை. உப்பளத்துப் பக்கம் குடிசை. ஒரு மேற்றிராணியார் போட்ட கட்டை இன்னொரு மேற்றிராணியார்தான் அவிழ்க்க முடியும். இவர் போய்விட்டால் அடுத்தவர் வர இன்னும் முப்பது வருஷம் ஆகும். அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது, இருமல் வேறு.

முற்றத்தில் மண்டியிட்டுச் சொன்னார். நான் நின்றபடி மொழிபெயர்த்தேன்.

"சாமி, நான் அத எடுக்கல. என்னயச் சேக்காட்டாலும் போவுது. என் பொஞ்சாதி சவேரியா செத்து நாலு வருசமாச்சு. என் கூட இருந்த பாவத்துக்கு அவளயும் கல்லறத் தோட்டத்து வேலிக்கு வெளியதான் பொதச்சாவ. மணிகூட அடிக்கல. அவள மட்டும் உள்ள சேத்துருங்க."

 பெரிய சாமி, குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை ஏற்றால் இருவரையும் சேர்த்துக்கொள்ள முடியும் என்றார். நான் அதைச் சொன்னதும் அண்ணன் தலையை ஆட்டினார்.

"எடுக்காதத எடுத்தேன்னு சொன்னா, அந்தப் பொய்க்கு எந்தச் சாமிகிட்ட போயி நிக்க? சாட்சி சொன்னவன் இன்னிக்கும் இருக்கான். அவனக் கேளுங்க."

கடைசி இரண்டு வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. வெயில் அதிகமாக இருந்தது, பெரிய சாமிக்கும் களைப்பு.

போகும்போது அண்ணன் என்னிடம், "ஏலே, நான் சொன்னத எல்லாம் சொன்னியா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன்.

பங்குனி 10

இன்று துணிக்குள் உட்கார்ந்தேன். எழுத ஒன்றுமில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் எழுத மாட்டேன். ஆணா பெண்ணா என்பதையும் எழுத மாட்டேன்.

கஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பங்குனி 11

காலையில் பெரிய சாமி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "உன் முகம்" என்றார். அவ்வளவுதான். நான் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீரில் முகத்தைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் எனக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டம்.

பங்குனி 13

முகத்தை அடக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒருவரிடம் மாறக் கூடாது என்றால் எல்லோரிடமும் ஒரே மாதிரி மாறிவிட்டால் போதும். ஆகவே ஊரில் எதிர்ப்பட்டவரிடம் எல்லாம் பல் இளித்தேன். பட்டங்கட்டி வீட்டில் புட்டு, தோணிக்காரர் வீட்டில் கருவாட்டுக் குழம்பு, மணியடிக்கிற தொம்மை வீட்டில் கஞ்சி, நான்கு பகையாளிகள் வீட்டில் வெற்றிலை. வயிறு கெட்டுவிட்டது. யார் வீட்டில் சாப்பிட்டபோது சோறு இறங்கவில்லை என்று இந்த ஏட்டுக்கும் சொல்ல மாட்டேன்.

மதலேனாள் வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன, எல்லாத்துகிட்டயும் இவ்வளவு பிரியமா இருக்கிய? சாவப் போறியளா?"

பங்குனி 17

மாதா கிரீடம் கிடைத்துவிட்டது. காலையில் கோவில் திறந்தபோது பீடத்தின் படியில், பழைய பாய்த்துண்டில் சுற்றி வைத்திருந்தது. அதில் பதித்திருந்த ஒரு கல் மட்டும் இல்லை.

ஊர் திரண்டுவிட்டது. பெண்கள் அழுதார்கள். பட்டங்கட்டி கிரீடத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"பெரிய சாமி வந்த பயத்துல லாசரு கொண்டாந்து வச்சுட்டான். பதினோரு வருசமா நான் எடுக்கலன்னு சாதிச்சவன். இப்ப என்ன சொல்லுதான்னு பாப்போம்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒரு ஆள் உப்பளத்துப் பக்கம் கல் எறியக் கிளம்பினான். பெரிய சாமி கையை உயர்த்தி நிறுத்தினார். கிரீடம் வந்ததற்கு நன்றி சொல்லுங்கள், கல்லைக் கீழே போடுங்கள் என்று மட்டும் சொன்னார்.  அவர் வாயும் கட்டப்பட்டது, என் வாயும் கட்டப்பட்டது. இரண்டு வாய் இருந்தும் ஒரு மனிதனுக்கு உதவி இல்லை.

திருப்பிக் கொடுத்த புண்ணியம் இப்படி முடிந்தது. இந்த வாக்கியத்தை எழுதியிருக்கக் கூடாது. அடிக்கவும் மனசில்லை.

பங்குனி 18

என் அண்ணன் விஷயத்தில் நான் கண்டது என்ன என்பதை எழுதி வைக்கிறேன். இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்று யாரும் கேட்க வேண்டாம். இது தட்டிக்குள் கேட்டது அல்ல. இது என் சொந்தச் சரக்கு.

கிரீடம் களவு போன அன்று உச்சி வெயில். கடற்கரை மணல் கண்ணைக் கூச வைத்தது. கோவில் பின்வாசலிலிருந்து ஒரு ஆள் இடுப்பில் மூட்டையோடு தாழம்புதர் பக்கம் போனான். முதுகைப் பார்த்தேன். சிவப்புத் தலைப்பாகை. அண்ணனிடம் சிவப்புத் தலைப்பாகை உண்டு. ஊரில் பாதிப் பேரிடம் உண்டு. என்னிடமும் ஒன்று உண்டு.

ஊர்க்கூட்டத்தில், முகத்தைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். குருசைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடை அவர் நடைபோல இருந்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் கேட்டது முகத்தை.

பங்குனி 19

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அப்பாவுக்குப் பிறகு உபதேசியார் பதவி அண்ணனுக்குத்தான் வந்தது. அவருக்குக் குரல் நன்றாக இருக்கும். அவர் பிரார்த்தனை பாடினால் குழந்தைகள்கூட அழாமல் கேட்கும். நான் போர்த்துகீசு படித்தவன், எனக்கு மெழுகுதிரி துடைக்கிற வேலை. அவர் போன மூன்றாம் வாரம் பதவி எனக்கு வந்தது.

சவேரியாள் மதினி இறந்தபோது மணி அடிக்க வேண்டாம் என்று சொன்னவர் பழைய சாமியார். கயிறு என் கையில் இருந்தது. எனக்கு அன்று அது சௌகரியமாக இருந்தது, அடித்திருந்தால் அழுதிருப்பேன்.

பங்குனி 24

சாமர்த்தியமாக விசாரித்தேன். பெரிய சாமியின் காலைத் துடைத்துக்கொண்டே, "ஒருவன் வெகுநாளைக்கு முன்னால் ஒரு சத்தியத்தில் சின்னத் தவறு செய்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பித்தேன்.

"அந்த ஒருவன் தாழந்துறைக்காரனா?"

"ஏதோ ஒரு தேசத்தில், சாமி."

"அவனுக்குப் போர்த்துகீசு தெரியுமா?"

நான் துணியைப் பிழிந்தேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பையன்களுக்கு இருபது வருஷம் பாடம் சொன்னவரிடம் நான் ஒளிந்து விளையாடப் பார்த்திருக்கிறேன்.

பங்குனி 30, குருத்து ஞாயிறு

பவனியில் அண்ணன் வேலிக்கு வெளியே ஒரு பனங்குருத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தலையில் கட்டு. யாரோ எறிந்த கல் பட்டிருக்கிறது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, மதலேனாளிடம் சொல்லிவிட்டேன். அன்று நான் முகத்தைப் பார்க்கவில்லை என்றேன். அவள் அகப்பையை வைத்தாள்.

"எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு வெயில்ல இருந்து வந்தவுடன வாசல்ல நின்ன என்னயே பக்கத்து வீட்டு ஆச்சின்னு நெனச்சு கும்பிட்டியளே. உங்களுக்கா அம்புட்டு தூரத்துல முகம் தெரிஞ்சிச்சு? நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். உபதேசியார் பொஞ்சாதின்னு முன்வரிசையில பாய் போட்டாவல்லா. மதினியப் பொதச்சப்பக்கூட நான் போவல."

அன்றுதான் முதல் தடவையாக அவள் அழுது பார்த்தேன். இவ்வளவு நாளாக என்னிடம் சொல்லாதது இதுதான். நான் வேறு என்னென்னவோ நினைத்துச் சில இளம் தோணிக்காரர்களை முறைத்து வைத்திருந்தேன்.

சித்திரை 2, செவ்வாய்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எனக்கு நடுவில் ஆள் தேவையில்லை, அதில் எனக்குப் பெருமை உண்டு. மண்டியிட்டு, போர்த்துகீசில் அழகாகத் தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். மனித பலவீனம், சூரியனின் பிரகாசம், சூழ்நிலையின் நெருக்கடி எல்லாம் அதில் இருந்தன. மூன்றாம் வாக்கியத்தில் எனக்கே குமட்டியது. நிறுத்திவிட்டேன்.

பிறகு தமிழில் சொன்னேன். "நான் பாக்கல. பாத்தேன்னு சொன்னேன். எங்க அண்ணன். பொய் சொன்னேன்." இவ்வளவுதான் வந்தது. மற்றதெல்லாம் மூக்கில் வந்தது.

 தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்தக் கல் உரலில் உருண்டது.

"எத்தனை தடவை?"

"ஒரு தடவதான் சாமி" என்றேன். "பதினோரு வருசமா."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. போர்த்துகீசில் மெதுவாகச் சொன்னார். "இங்கே சொன்னது இங்கேயே புதைந்துவிடும், இதை வைத்து என்னால் ஒரு விரலும் அசைக்க முடியாது. நீ வெளியே வந்து, உன் காலில் நின்று, எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் எனக்குக் காது கேட்கும். அப்படிச் சொன்னால் நான் மேற்றிராணியாராக நடந்துகொள்ள வேண்டியிருக்கும், சிநேகிதனாக அல்ல."

சித்திரை 3

பட்டங்கட்டியையும் பெரியவர்களையும் கூப்பிட்டு முற்றத்தில் நின்று சொன்னேன். முகத்தைப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன், சத்தியம் பொய். வேறு யார் எடுத்தது என்று பட்டங்கட்டி கேட்டார். என் சாட்சி பொய் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்றேன். அதைச் சொல்லும்போது சுவரில் ஒரு பல்லியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டங்கட்டி வெகுநேரம் தாடியைத் தடவினார். "உம்ம தோணியக் கொளுத்தணும் போல இருக்கு ஓய். ஆனா தீர்மானத்துல இது வரல."

சித்திரை 4, பெரிய வியாழன்

தண்டனைக்காரர்களை மேற்றிராணியார் கோவிலுக்குள் திரும்பச் சேர்க்கிற நாள் இதுதான். ஊர் முழுவதும் கூடியிருந்தது. அண்ணன் வாசற்படிக்கு வெளியே நின்றார். நான் கழுத்தில் பனைநார்க் கயிறும் கையில் அணைந்த மெழுகுதிரியுமாகப் பீடத்தின் முன்னால் நின்றேன்.

பெரிய சாமி ஒரு காகிதத்தைப் பிரித்துப் போர்த்துகீசில் வாசித்தார். முதல் வாக்கியம் முடிந்தது. நிறுத்தினார்.  எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் புரிந்தது, இந்த ஊரில் மொழிபெயர்க்க என்னைத் தவிர ஆள் இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நொடியில் என் புத்தி வேலை செய்தது. 'பொய்ச்சத்தியம்' என்பதைத் 'தடுமாற்றம்' ஆக்கலாம். 'பதவி ஆசையினால்' என்பதை விழுங்கிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. பெரிய சாமி என்னைப் பார்க்கவில்லை, காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே அப்படிப் பார்த்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

வாயைத் திறந்தேன்.

"இஞ்ஞாசி மச்சாது குருசைப் பிடித்துப் பொய்ச்சத்தியம் செய்தான். தன் அண்ணனுடைய பதவிக்கு ஆசைப்பட்டுச் செய்தான்."

அடுத்த வாக்கியம். "லாசர் மச்சாது குற்றமற்றவன். அவன்மேல் போட்ட கட்டு இன்றோடு அவிழ்ந்தது. அவன் மனைவி சவேரியாளும் திருச்சபையின் பிள்ளையாகவே இறந்தாள்."

அடுத்தது. "இஞ்ஞாசி இன்றுமுதல் உபதேசியார் அல்ல. மூன்று நாள் இந்தக் கோலத்தில் வாசலில் நிற்பான். கல்லறைத் தோட்டத்து வேலியைப் பிடுங்கி, சவேரியாளின் குழி உள்ளே வரும்படி தன் கையால் நட்டுக் கொடுப்பான். யாரும் அவனுக்கு உதவக் கூடாது."

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நான் ஒன்றையும் சேர்க்கவில்லை, ஒன்றையும் விடவில்லை. பெரிய சாமி இறங்கிப் போய் வாசலில் நின்ற அண்ணனின் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். வாதக்காலோடு அவர் நடந்ததும் இருமிக்கொண்டு அண்ணன் நடந்ததும், யார் யாரைத் தாங்கினார்கள் என்று தெரியவில்லை. என்னைக் கடக்கும்போது அண்ணன் நிற்கவில்லை.

சித்திரை 7, உயிர்ப்பு ஞாயிறு

வாசலில் கயிற்றோடு மூன்றாம் நாள். உள்ளே அண்ணன் பிரார்த்தனை பாடினார். குரல் போய்விட்டது, பாதியில் இருமல். ஒரு குழந்தையும் அழாமல் இருக்கவில்லை. மதலேனாள் முன்வரிசைப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  

சித்திரை 9

பெரிய சாமி புறப்பட்டார். தோணியில் ஏறும் முன்பே முகம் வெளிறிவிட்டது. சரித்திர ஏட்டைக் கொடுத்தேன். பீப்பாய், மடம், ரோமாபுரி, குடை எல்லாம் நூறு பக்கம் இருந்தது. புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதில் ஒரு வரி சேர்த்துக்கொள். எட்டு வருஷத்தில் ஒரு தடவை தமிழில் ஒரு கேள்வி கேட்டேன், வந்த பதில் புரிந்தது. மற்றதை நீ சுருக்கினாலும் எனக்கு வருத்தமில்லை."

நான் வழியனுப்பு உரை ஒன்றும் தயார் செய்யவில்லை. போய் வாருங்கள் சாமி என்று தமிழில் சொன்னேன். அவர் வாந்தி எடுக்கத் தோணி விளிம்பைத் தேடினார்.

சித்திரை 12

வேலி வேலை. உடைமரக் கம்புகள், எல்லாம் முள். என் கை போர்த்துகீசுப் பேனா பிடித்த கை என்பதைக் கம்புகள் கண்டுபிடித்துவிட்டன. காலையிலிருந்து பதினான்கு கம்பு பிடுங்கி ஒன்பது கம்பு நட்டேன். நட்டதில் மூன்று விழுந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். உதவக் கூடாது என்ற உத்தரவை இவ்வளவு சந்தோஷமாக யாரும் கடைப்பிடித்து நான் கண்டதில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது மணலில் ஒரு ஆள் வருவது தெரிந்தது. கண் கூசியது. சிவப்புத் தலைப்பாகை. முகம் தெரியவில்லை. யார் என்று சொல்லாமல் காத்திருந்தேன்.

பக்கத்தில் வந்த பிறகு தெரிந்தது, அண்ணன். மதினியின் குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நான் நட்டதை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"கோணலா போவுதுலே."

"எனக்குக் கண்ணு தெரியல அண்ணே."

"தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு கையை நீட்டினார். கம்பைத் தொடவில்லை, உத்தரவு இருக்கிறதே. விரலால் மணலில் ஒரு நேர்கோடு போட்டார், மதினியின் தலைமாட்டைச் சுற்றி, நல்ல அகலமாக, பக்கத்தில் இன்னொரு குழிக்கும் இடம் விட்டு.

"இந்தக் கோட்டுமேல நடு" என்றார்.

கோடு எனக்குத் தெரிந்தது. இருட்டும்வரை நட்டேன்.